வலம்புரி நத்தை வந்தால் யோகமா?

கேள்வி: ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் மல்லிகைச் செடிகளில் தட்டையான, பழுப்புக் கோடு போட்ட நத்தைகள் ஏறிவிடுகின்றன. ஆப்பிரிக்க நத்தை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என் மாமியாரோ, வலம்புரி இருந்தால் பூஜையறையில் வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, அலங்காநல்லூர்)

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது தப்பு. ஆப்பிரிக்க நத்தையின் ஓடு கோபுரம் மாதிரி நீண்டிருக்கும், 20 சென்டிமீட்டர் வரைகூட வளரும்; 1847-ல் பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்துவிட்ட வினை அது. உங்களுடையது, சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால், நம் ஊர்க்காரன்தான். கிரிப்டோசோனா பைஸ்ட்ரியாலிஸ் என்று பெயர், குடும்பம் ஏரியோஃபாண்டிடே. இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தவர் காட்வின்-ஆஸ்டின். கே-2 சிகரத்துக்கு ஒரு காலத்தில் இவர் பெயரைத்தான் சொன்னார்கள், மலையை அளக்கப் போன மனிதர் நத்தையையும் விடவில்லை.

ஓட்டை மட்டும் பார்த்து இந்தக் குடும்பத்தைப் பிடித்துவிட முடியாது, ஏனென்றால் கேரளத் தோட்டங்களில் இருக்கும் மரியெல்லா என்ற நத்தைக்கு ஓடே ஒரு சின்னத் தகடாகச் சுருங்கி முதுகுத் தோலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும், அதுவும் இதே குடும்பம்தான். வால் நுனியைப் பாருங்கள், சளி சுரக்கும் ஒரு குழி தெரியும். வயல் நத்தைக்கு இருப்பதுபோல் மூடி கிடையாது. கோடையில் தன் சளியையே காயவைத்து வாயை அடைத்துக்கொண்டு தூங்கும்.

அப்புறம் மாமியார் விஷயம். ஓட்டின் கூர் நுனி மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். உங்கள் நத்தைக்கு வாய் வலப்பக்கம் இருக்கும், அதுதான் சாதாரணம். சங்கை இப்படிப் பிடித்தால் வலம்புரிக்கு வாய் இடப்பக்கம் வரும்! நாம் சங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பெயர் வைத்துவிட்டோம், விலங்கியல்காரர்கள் வலம்புரியை இடச்சுருள் என்றுதான் எழுதுவார்கள். சங்கில் அது அபூர்வம், அதனால்தான் அந்த விலை. இதே குடும்பத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்கும் ஏரியோஃபாண்டா லீவிபெஸ் என்ற நத்தைக்கோ இடச்சுருள்தான் இயல்பு, அதாவது மாமியார் கணக்கில் அத்தனையும் வலம்புரி. அலங்காநல்லூர்த் தொட்டியில் தேடி என்ன செய்ய?

உப்பு மட்டும் போடாதீர்கள், மல்லிகை வேரும் சேர்ந்து போய்விடும். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து வையுங்கள், விடியும்போது அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையுறை போட்டே பொறுக்குங்கள், நத்தையில் புழு இருக்கலாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாமியாரையும் கழுவச் சொல்லுங்கள்.