தலைவர்கள் ஏன் சதிக்கதை பரப்புகிறார்கள்? வாசகர் கேள்வி பதில்

பதில் தருபவர்: தொடக்கக் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை

ஈசூன் வாசகி: டீச்சர், பதவியில் இருக்கும் தலைவர்களே ஏன் இப்படிக் கதை கட்டுகிறார்கள்?

கணக்குக் கேட்கும் நேரம் நெருங்கும்போதுதான் கதை பிறக்கிறது. பிரேசிலில் அதிபர் பொல்சனாரோ 2022 ஜூலையில் வெளிநாட்டுத் தூதர்களை அழைத்து, மின்னணு வாக்கு இயந்திரங்களை நம்ப முடியாது என்றார். ஆதாரம் காட்டவில்லை. தேர்தல் அக்டோபரில்! தோற்றால் சொல்ல வேண்டியதை அப்போதே தயார் செய்துவிட்டார். தோற்றார். 2023 ஜனவரி 8ஆம் தேதி அவருடைய ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளும் உச்ச நீதிமன்றத்துக்குள்ளும் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அந்த ஜூலைக் கூட்டத்துக்காகத் தேர்தல் நீதிமன்றம் 2030 வரை அவர் போட்டியிடத் தடை விதித்தது. கதையைப் படிக்கும் முன் தேதியைப் பாருங்கள்.

இன்னொரு பயனும் உண்டு. உண்மையை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். தலைவருக்காகப் பொய்யைத் திரும்பச் சொல்பவர்தான் தம்முடைய ஆள் என்று தெரிந்துவிடும். அவரால் பிறகு கட்சியை விட்டு எளிதில் விலகவும் முடியாது.

தெம்பனிஸ் வாசகர்: அவர்களே அதை நம்புகிறார்களா?

சிலர் நம்புகிறார்கள், சிலர் பயன்படுத்துகிறார்கள். 1953 ஜனவரியில், மருத்துவர்கள் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக ஸ்டாலினின் சோவியத் அரசு அறிவித்தது. அந்த மருத்துவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். ஏப்ரலில் அது ஜோடிக்கப்பட்ட வழக்கு என்று அதே அரசு ஒப்புக்கொண்டது. சிறையில் அடிபட்டவர்களுக்கு அவர் நம்பினாரா இல்லையா என்பதால் என்ன வித்தியாசம்?

செங்காங் வாசகி: நம் சிங்கப்பூர் வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பதால் யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடுமாமே?

இல்லைம்மா. அந்த எண் போலிச் சீட்டைத் தடுக்க. எண்ணி முடித்த சீட்டுகள் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் இருக்கும், பிறகு அழிக்கப்படும். மேல்விவரம் தேர்தல் துறையில் கிடைக்கும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: எல்லாவற்றையும் கதை என்று தள்ளாதீர்கள் டீச்சர். வாட்டர்கேட் சதி உண்மைதானே? டஸ்கீகி?

இரண்டும் உண்மை. வாட்டர்கேட்டில் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தார்கள், அதை மூடி மறைக்க அவரும் முயன்றார். டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே அமெரிக்க அரசு வேடிக்கை பார்த்தது. ஆனால் இவற்றை எந்த அதிபரும் மேடையேறி அறிவிக்கவில்லை. மறைத்தார்கள், நிருபர்களும் ஆவணங்களும் வெளியே கொண்டுவந்தன.

உட்லண்ட்ஸ் வாசகர் (மீண்டும்): அப்போ, தலைவர் அறிவித்தாலே பொய்யா?

அப்படிச் சொல்ல மாட்டேன். மேடையில் சொன்னதை நீதிமன்றத்தில் சொல்கிறாரா என்று பாருங்கள். 2020 தேர்தலில் மோசடி என்று டிரம்ப் தரப்பு நாடெங்கும் முழங்கியது. பென்சில்வேனியா நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டபோது, இது மோசடி வழக்கு அல்ல என்று அவருடைய வழக்கறிஞர் ஜூலியானி ஒப்புக்கொண்டார். அங்கே பொய் சொன்னால் தண்டனை உண்டு.

ஜூரோங் வாசகி: குறுக்கிடுகிறேன். உட்லண்ட்ஸ் அண்ணன் பேசுவது ஆபத்து. ஒரு சதி உண்மையானால் எல்லாமே உண்மை என்று ஆகிவிடும்.

உங்கள் பயம் சரி, ஆனால் அவர் கேள்வியும் சரி. உண்மைச் சதிகள் பொய்க்கு நிலம் உழுது வைக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு ரகசியமாக உயிரியல் ஆயுதத் திட்டம் நடத்தியது. அந்த நாட்டில்தான் பிறகு அதிபர் எம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்ஐவிதான் காரணமா என்று சந்தேகம் கிளப்பினார். மருந்து தாமதமானது. 2000 முதல் 2005 வரை 3,30,000க்கும் மேற்பட்டோர் அதனால் இறந்ததாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பழைய வஞ்சனைகளை மூடி மறைத்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்கும் என்கிறீர்களா? நான் வகுப்பில் டஸ்கீகியை விடாமல் நடத்தியதற்கு இதுவே காரணம்.

பிடோக் வாசகர்: தலைவர்கள் உண்மையிலேயே நம்புகிறார்களா?

தெம்பனிஸ்காரருக்குச் சொல்லியாயிற்று. மேலே படியுங்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகி: மாமா குடும்பக் குழுவில் தினமும் இப்படி ஒன்று அனுப்புகிறார்.

எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள், பிடிவாதம்தான் கூடும். தனியாகப் பேசுங்கள். தேதியைக் கேளுங்கள், அந்த வாரம் அந்தத் தலைவருக்கு என்ன நெருக்கடி என்று இருவருமாகத் தேடுங்கள்.

பொங்கோல் வாசகர்: தடுப்பூசி பற்றி ஒரு சந்தேகம்...

அது என் துறை இல்லை. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் கேளுங்கள்.