ஸ்டாக்கில் இருக்கும் காரா, நீங்கள் கேட்ட காரா?

கேள்வி: நடு வேரியன்ட்டை வாங்கிக்கொண்டால், மேல் வேரியன்ட்டில் உள்ள வசதிகளைக் குறைந்த செலவில் தானே பொருத்தித் தருவதாக டீலர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: எந்த வசதி என்று முதலில் கேளுங்கள். காரின் உடம்போடும் வயரிங்கோடும் பின்னிக் கிடப்பவற்றைத் தொழிற்சாலையில்தான் பொருத்த வேண்டும். கூடுதல் ஏர்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பையோடு அது முடிவதில்லை. மோதலை உணரும் சென்சார், வெடிக்கவைக்கும் கட்டுப்பாட்டு யூனிட், சீட்டின் தையல் எல்லாமே அதற்கென்று அமைந்திருக்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு ரேடாரும் கேமராவும் தேவை. அவற்றின் கோணத்தைத் துல்லியமாக அளந்து பதிவு செய்யவும் வேண்டும். வண்டி சறுக்காமல் பிடித்துவைக்கும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சீட்டுக்குள் காற்று வீசும் சீட் வென்டிலேஷன் இரண்டும் இதே வகை.

சன்ரூஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அதற்கான கூரையே வேறு: ஓட்டையைச் சுற்றிப் பலமான சட்டம், மழைநீர் இறங்கத் தூண்களுக்குள் குழாய்கள் என்று வடிவமைத்திருப்பார்கள். வெளியில் கூரையை வெட்டிப் பொருத்தினால் கூரையின் பலம் குறையும், ஓரங்களில் நீர் கசியும், அந்தப் பகுதிக்கு வாரன்டியும் கிடைக்காது. இதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

மிதியடி, மட்ஃபிளாப், டேஷ் கேமரா, பின்பக்க பார்க்கிங் கேமரா போன்றவற்றை டீலரிடமோ வெளியிலோ பொருத்திக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, வயரை வெட்டி ஒட்டக்கூடாது. கப்ளர் (வெட்டாமல் செருகி இணைக்கும் பிளக்) வழியாக மட்டுமே இணைக்க வேண்டும். வயரை வெட்டினால், பின்னாளில் எந்த மின்கோளாறு வந்தாலும் அந்த ஒட்டைக் காட்டி வாரன்டியை மறுக்க வழி கிடைத்துவிடும். சீட் கவர் போடுவதானால், சீட்டின் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த இடத்தில் பிரியும்படி தைத்த கவர்தான் போட வேண்டும். சாதாரண கவர் ஏர்பேக்கை அமுக்கிப் பிடித்துவிடும்.

கேள்வி: சிவப்பு நிறம், ஆட்டோமேட்டிக் கியர், பின்பக்க ஏசி, இவ்வளவுதான் கேட்டேன். 'பின்பக்க ஏசி தனியாக வராது, பெரிய திரையும் அலாய் வீலும் சேர்ந்த பேக்கில்தான் வரும்; வெள்ளை நிறம் உடனே இருக்கிறது' என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: பேக் விஷயத்தில் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு வசதியையும் தனித்தனியாகக் கொடுத்தால், ஒரே மாடலில் ஆயிரக்கணக்கான சேர்க்கைகள் வந்துவிடும்; ஒவ்வொன்றுக்கும் வேறு வயரிங் ஹார்னஸ் (கார் முழுக்க ஓடும் வயர் தொகுப்பு) தேவைப்படும். அதனால்தான் நிறுவனங்கள் வசதிகளைக் கட்டுக்கட்டாக விற்கின்றன. நிறுவனத்தின் விலைப்பட்டியலில் அந்த வசதி எந்தக் கட்டில் வருகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

வெள்ளைதான் உடனே இருக்கிறது என்பதற்குக் காரணம் வேறு. ஸ்டாக்கில் நிற்கும் வண்டிக்கு டீலர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். முதலில் அதைத் தள்ளத்தான் பார்ப்பார். உங்களுக்கு மூன்று வழி உண்டு. ஸ்டாக் வண்டியை எடுத்தால் பேரம் பேச இடம் அதிகம். நீங்கள் கேட்ட சேர்க்கை வேறு டீலரிடம் இருந்தால் வரவழைக்கச் சொல்லலாம். ஆனால் ஓட்டிக்கொண்டு வருவார்களா, லாரியில் ஏற்றி வருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டி வந்தால் புது வண்டியில் பல நூறு கிலோமீட்டர் ஏறியிருக்கும். மூன்றாவது வழி ஆர்டர் போட்டுக் காத்திருப்பது. தள்ளுபடி குறையும், ஆனால் கேட்டது கிடைக்கும். பத்து வருடம் ஓட்டப்போகிறவர் சில வாரம் காத்திருப்பதில் தப்பில்லை என்பது என் கருத்து.

ஆர்டர் போடும்போது வாய்ப்பேச்சு கூடாது. புக்கிங் படிவத்தில் மாடல், வேரியன்ட், வெளிநிறம், உள்நிறம், ஒவ்வொரு ஆப்ஷனின் குறியீட்டு எண் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இன்னும் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். டெலிவரிக்குள் விலை ஏறினால் யார் தலையில்? எந்தத் தேதி வரை ஆப்ஷனை மாற்றலாம்? தாமதமானால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்புமா? கேட்ட குறியீடு ஒன்று குறைந்து வண்டி வந்தால் மறுக்க உரிமை உண்டா? உற்பத்தி வரிசையில் ஏறிவிட்ட வண்டியில் எதையும் மாற்ற முடியாது.

கேள்வி: 'மாதம் எவ்வளவு கட்ட முடியும்?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். மாதத் தொகையைச் சொன்னால், தவணைக் காலத்தை நீட்டி எந்த விலையையும் அதற்குள் அடக்கிவிடலாம். காரின் மொத்த விலை, பழைய கார் எக்ஸ்சேஞ்ச், கடன் மூன்றையும் தனித்தனியாகப் பேசி முடியுங்கள்.

வட்டியில் 'ஃபிளாட்' என்று சொன்னால் உஷார். கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுவதுதான் அது. 5 வருடத்துக்கு 7% ஃபிளாட் என்றால், குறையும் அசலுக்குக் கணக்கிடும் வட்டியில் அது ஏறக்குறைய 12.5%. 'வட்டியில்லாக் கடன்' என்றால், அதே காரை ரொக்கமாக வாங்கினால் என்ன தள்ளுபடி என்று கேளுங்கள். இழக்கும் தள்ளுபடிதான் வட்டி.

கேள்வி: 16 அங்குலத்துக்குப் பதில் 17 அங்குல வீல் ஆப்ஷன் எடுக்கலாமா?

பதில்: அழகுக்கு மட்டும் என்றால் வேண்டாம். 16 அங்குல வீலில் வரும் 205/55 ஆர்16 அளவு டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ., 17 அங்குல வீலில் வரும் 225/45 ஆர்17 சுமார் 634 மி.மீ. உயரம் ஒன்றுதான், ரப்பர் பக்கச்சுவர் மட்டும் 113 மி.மீ.யிலிருந்து 101 ஆகக் குறைகிறது. குழியில் இறங்கினால் ரிம் அடிபடும், குலுங்கலும் கூடும். டயர் மாற்றும்போதும் கூடுதலாகச் செலவாகும்.

கேள்வி: டெலிவரி எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பூ, மாலை, போட்டோவெல்லாம் பிறகு. மீதிப் பணம் கட்டுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியைப் பாருங்கள்.

17 எழுத்து சேசிஸ் நம்பர் உடம்பிலும் காகிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் (எல்லாம் அல்ல) பத்தாவது எழுத்தில் மாடல் ஆண்டைக் குறிக்கின்றன: 'ஆர்' என்றால் 2024, 'எஸ்' 2025, 'டி' 2026. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2325 என்றால் 2025இன் 23ஆவது வாரம். வண்டியைவிட டயர் பல மாதம் பழையது என்றால் காரணம் கேளுங்கள். நெடுநாள் யார்டில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருக்கும். அணைத்து சில மணி நேரம் நின்றபின் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் செய்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

பெயின்ட் தடிமன் மீட்டர் கிடைத்தால், இரும்புப் பலகைகளில் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவில் மட்டும் 250க்கு மேல் போனால், வரும் வழியில் அடிபட்டு மறுபெயின்ட் அடித்திருக்கலாம். டயர் காற்றையும் பாருங்கள். ஏற்றிவரும்போது கூடுதலாக அடைத்திருப்பார்கள், டீலர் குறைக்க மறந்துவிடுவது வழக்கம். சரியான அளவு டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும்.

கடைசியாக, புக்கிங் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆப்ஷனையும் இயக்கிப் பாருங்கள். குறையிருந்தால் 'பிறகு போட்டுத் தருகிறோம்' என்பதைத் தேதியோடும் கையெழுத்தோடும் வாங்கிய பிறகே சாவியை வாங்குங்கள்.

கேள்வி: துருப்பிடிக்காமல் இருக்க காரின் அடியில் அடிக்கும் அடிப்பக்கக் கோட்டிங் கட்டாயமா?

பதில்: இல்லை. இன்றைய கார்களின் உடம்பு, துருவைத் தடுக்கும் பிரைமரில் முழுக்க முக்கி எடுக்கப்பட்டு வருகிறது. அவசரமாக அடித்தால் நீர் வடியும் துளைகள் அடைபட்டு உள்ளே ஈரம் தங்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் அடித்துக்கொள்ளலாம். துளைகளை மூடாமல் அடிக்கச் சொல்லி, முடிந்ததும் லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.