சீனப் புத்தாண்டு ஏன் தேதி மாறுகிறது? பிள்ளைக்கு நிலாவைக் காட்டுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறோம். "சீனப் புத்தாண்டு மட்டும் ஏன் ஒவ்வொரு வருஷமும் வேற நாள்ல வருது?" என்று என் 7 வயது மகள் கேட்கிறாள். 12 விலங்குகளின் கதையைச் சொன்னேன், அவளுக்குத் திருப்தி இல்லை. எப்படி விளக்குவது?

பதில்: அது நல்ல கதைதான். ஆனால் ஒவ்வொரு சீன வருடத்துக்கும் ஏன் ஒரு விலங்கின் பெயர் என்பதைத்தான் சொல்லும். உங்கள் மகள் கேட்பது நாள் கணக்கு. அதற்கு வானத்தைத்தான் காட்ட வேண்டும்.

சீன மாதம் அமாவாசையன்று பிறக்கிறது. ஆகவே புத்தாண்டு இரவில் அவளைக் கீழே கூட்டிப்போய் நிலாவைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது! மூன்றாம் நாள் மாலை மேற்கே மெல்லிய பிறை தெரியும். அன்றிலிருந்து தினமும் பார்த்ததை ஒரு தாளில் வரையட்டும். 15ஆம் நாள், புத்தாண்டுக் கொண்டாட்டம் முடியும் சாப் கோ மே இரவில், வட்டம் ஏறக்குறைய நிறைந்திருக்கும். மேகம் மறைத்த நாளில் மேகத்தையே வரையலாம். பிப்ரவரி வானத்தை நம்ப முடியாது. எட்டாம் மாதம் 15இல் மூன்கேக்கும் காகித விளக்கும் வரும்போது, "அப்போ இன்னைக்கு முழு நிலா" என்று அவளே சொல்லிவிடுவாள்.

அடுத்தது தேதிச் சிக்கல். இப்படிப்பட்ட 12 மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாட்கள். சூரியக் கணக்கைவிட 11 நாள் குறைவு. நோன்புப் பெருநாள் இந்தக் குறையைச் சரிசெய்வதில்லை, அதனால் வருடம் முழுக்கச் சுற்றி வருகிறது. சீனர்கள் இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிடுவார்கள். 2024இல் பிப்ரவரி 10, 2025இல் ஜனவரி 29 என்று முன்னதாக வந்த புத்தாண்டு, 2026இல் பிப்ரவரி 17க்குத் தாவியது. காரணம், 2025இல் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. வகுப்பில் தெலுங்குத் தோழி இருந்தால் அவள் வீட்டில் இதை அதிக மாசம் என்பார்கள். நம் தீபாவளியும் ஐப்பசி அமாவாசையை ஒட்டியே நகர்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

எல்லாமே நிலா இல்லை. முன்னோர் கல்லறைக்குச் செல்லும் சிங் மிங் சூரியக் கணக்கு, ஏப்ரல் 4 அல்லது 5ஐ விட்டு அதிகம் நகராது. டிசம்பர் 21 அல்லது 22இல் வரும் தோங் சிர் என்னும் குளிர்காலத் திருநாளும் அப்படித்தான். அன்று சாப்பிடும் அரிசிமாவு உருண்டையைப் பால் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட சகோதரி என்று அறிமுகப்படுத்தலாம்.

இறந்தவர்களின் ஆவிகளுக்குச் சீனர்கள் படையல் வைக்கும் ஏழாம் மாதத்தைப் பேய்க் கதையாக்கிப் பயமுறுத்த வேண்டாம். ஆடி அமாவாசைக்கு நாம் முன்னோருக்குப் படைப்பதைச் சொன்னாலே புரிந்துகொள்வாள். புளோக்குக்குக் கீழே வைத்த படையலை மிதிக்காமல் நடக்கவும், அம்மாதத்தில் நடக்கும் கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன் ஆவிகளுக்கெனக் காலியாக விட்டிருக்கும் முதல் வரிசையில் உட்காராமல் இருக்கவும் பழக்குங்கள்.

அப்புறம் அந்த விலங்குகள். மகள் ஜனவரியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ பிறந்தவள் என்றால், அந்த வருடப் புத்தாண்டுத் தேதியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 2019இல் புத்தாண்டு பிப்ரவரி 5 அன்றுதான் வந்தது. அந்த ஜனவரியில் பிறந்த பிள்ளைக்குப் பன்றி வருடம் இல்லை, நாய் வருடம்.