புதையலை ஒப்படைத்து இரண்டரை வருடம் ஆகிறது, காசுகள் எங்கே?

கேள்வி: ஐயா, நான் இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கிறேன். வார நாட்களில் கிடங்கில் இரவு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவேன், பண்ணைக்காரரின் அனுமதியோடுதான். இரண்டரை வருடத்துக்கு முன் உழுது போட்ட வயலில் ஒரே இடத்தில் பதினொரு வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு சரிபாதியாக வெட்டப்பட்டவை. நான்காம் நாளே அதற்குரிய அலுவலரிடம் கொடுத்து ரசீது வாங்கினேன். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. பண்ணைக்காரர் மாதம் ஒருமுறை கேட்கிறார். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பாரோ என்று மனம் கூசுகிறது. காசுகளைத் திருப்பி வாங்க முடியுமா? வழக்குப் போடலாமா? கூட வரும் நண்பரோ, "இனிமேல் கிடைத்தால் வாயைத் திறக்காதே" என்கிறார்.

பதில்: முதலில் நண்பர் சொன்னதற்கு வருகிறேன், அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. 2015இல் ஹியர்ஃபர்ட்ஷயரில், லெம்ஸ்டர் ஊருக்கு அருகே, இரண்டு பேர் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். சொல்லாமல் விற்கத் தொடங்கினார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அப்போது அதிகாரிகள் கைக்கு வந்தது 31 மட்டுமே. 2019இல் ஒருவருக்குப் பத்து ஆண்டு, மற்றவருக்கு எட்டரை ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் சிறை சிறைதான். முறையாகச் சொல்லியிருந்தால் பல லட்சம் பவுண்டில் பங்கு கிடைத்திருக்கும். புதையல் என்று தெரிந்த 14 நாட்களுக்குள் தெரிவிக்காமல் விட்டாலே, 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நீங்கள் நான்காம் நாளே கொடுத்துவிட்டீர்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பக்கத்தில் இருக்கும் மிகப் பெரிய பலம் அந்தக் காகிதம்தான்.

திருப்பி வாங்க முடியுமா என்றால், இப்போதைக்கு முடியாது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கலந்த காசுகள் ஒரே கண்டெடுப்பில் இரண்டு இருந்தாலே அது புதையல். புதையல் மண்ணிலிருந்து வெளிவந்த கணத்திலிருந்தே அரசுடைமை. நீங்கள் அனுப்பிய படத்தில், காசின் பின்புறம் சிலுவை விளிம்பு வரை நீள்வது தெரிகிறது. அந்த வகை 1247இல், மூன்றாம் ஹென்றி ஆட்சியில் தொடங்கியது. அரைக்காசு தனியாக அடிக்காத காலம் என்பதால் சிலுவைக் கோட்டிலேயே வெட்டிப் பாதியாகப் புழங்கினார்கள். உங்கள் இரண்டு பாதிகளும் அப்படி வந்தவையாகத்தான் தோன்றுகிறது. ஒவ்வொரு காசையும் யார் அச்சிட்டார், எந்த ஊர் நாணயச் சாலை என்று நிபுணர் படித்து அறிக்கை எழுத வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். இரண்டரை வருடம் எடுக்காது.

அப்படியானால் எங்கே நிற்கிறது? உங்கள் காசுகள் கடக்க வேண்டிய மேசைகள் பல. நீங்கள் ரசீது வாங்கிய எஃப்.எல்.ஓ. என்கிற கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர், பிரிட்டிஷ் மியூசியத்தின் புதையல் பதிவுப் பிரிவு, இது புதையல்தானா என்று தீர்மானிக்கும் கரோனர் என்கிற மரண விசாரணை அதிகாரி, விலை மதிப்பிடும் புதையல் மதிப்பீட்டுக் குழு, கடைசியாகப் பணம் திரட்ட வேண்டிய அருங்காட்சியகம். சட்டம் வரும் முன் ஆண்டுக்குச் சில பத்துப் புதையல்களே பதிவாகின. 2022இல் மட்டும் 1,378. மேசைகளும் ஆட்களும் அந்த அளவுக்குப் பெருகவில்லை. கரோனரிடம் மரணக் கோப்புகளுக்குப் பின்னால்தான் காசுக் கோப்பு நிற்கும். வாசலில் ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்கும்போது அது நியாயமே. இது தெரிந்துதான் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதையலுக்கென்றே நாடு முழுமைக்கும் ஒரு தனிக் கரோனரை நியமிக்க வழி செய்தார்கள். அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவராமலே ஆண்டுகளைக் கடத்திவிட்டார்கள். உங்களைப் போல நேர்மையாக நடந்தவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெரிய புதையல்களுக்கும் இதே கதிதான். சாமர்செட்டில் சூ வேலி என்ற இடத்தில் 2019 ஜனவரியில் ஏழு பேர் சேர்ந்து 2,584 வெள்ளிக் காசுகளை எடுத்தார்கள். அவை 43 லட்சம் பவுண்டுக்கு அருங்காட்சியகத்தின் கைக்குப் போனது 2024இல்.

வழக்கு வேண்டாம், இப்போது வேண்டவே வேண்டாம். உயர் நீதிமன்றம் போனால் பதினொரு காசுகளின் மதிப்பை வழக்குச் செலவே விழுங்கிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்பது. தொலைபேசி வேண்டாம், அலுவலருக்கு மின்னஞ்சல். அதில் ரசீது எண்ணையும் கொடுத்த தேதியையும் குறிப்பிட்டு மூன்றே கேள்விகள் கேளுங்கள். என் கண்டெடுப்புக்கு ஆண்டோடு "டி" எழுத்து சேர்ந்த புதையல் எண் தரப்பட்டதா? நிபுணர் அறிக்கை முடிந்து கரோனருக்குப் போனதா, என்றைக்கு? எந்த அருங்காட்சியகமாவது வாங்க விருப்பம் தெரிவித்ததா?

மூன்றாவது கேள்வி முக்கியம். எந்த அருங்காட்சியகமும் விரும்பவில்லை என்றால் அரசு தன் உரிமையைக் கைவிடலாம். அப்போது கரோனர் விசாரணையே தேவையில்லை. நில உரிமையாளருக்கு அறிவித்து, ஆட்சேபம் இல்லையென்றால் காசுகள் உங்களிடமே வரும். என்னிடம் வந்த ஒருவருடைய காசுகள் இந்த நிலையில்தான் இருந்தன. அலுவலர் வேலை மாறிப் போனார், புதிதாக வந்தவருக்கு அப்படியொரு கோப்பு இருப்பதே தெரியவில்லை. ஒரே ஒரு மின்னஞ்சல், ஆறு வாரத்தில் விடை கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆனால் கேட்காத கோப்பு அடியில்தான் போகும்.

நான்கு வாரத்தில் பதில் வராவிட்டால் அலுவலரைப் பணியில் வைத்திருக்கும் உள்ளாட்சி சபைக்கோ அருங்காட்சியகத்துக்கோ முறைப்படி புகார் எழுதுங்கள். கோப்பு கரோனரிடம் தேங்கியிருந்தால் அவருடைய அலுவலகத்துக்கு எழுதி, விசாரணைத் தேதியைக் கேளுங்கள். புதையல் விஷயங்களைக் கவனிக்கும் பண்பாட்டு அமைச்சகத்தில் தேங்கினால் உங்கள் தொகுதி எம்.பி.யைப் பாருங்கள். அமைச்சகத்தின் மீதான புகாரை நாடாளுமன்ற குறைதீர்ப்பாளரிடம் எம்.பி. வழியாகத்தான் கொண்டுபோக முடியும். தொகுதி மக்களைச் சந்திக்க எம்.பி.க்கள் நேரம் ஒதுக்குவார்கள், கூச்சப்படாமல் போங்கள்.

மதிப்பீடு வரும்போது கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். குறைவென்று பட்டால் வேறொரு நாணய வணிகரின் மதிப்பீட்டை வாங்கிக் குழுவுக்கு அனுப்ப உங்களுக்கும் பண்ணைக்காரருக்கும் உரிமை உண்டு.

பண்ணைக்காரர் விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன். அருங்காட்சியகம் வாங்கினால் கிடைக்கும் வெகுமதி வழக்கமாக உங்களுக்குப் பாதி, நில உரிமையாளருக்குப் பாதி. அவர் நிலத்தின் உரிமையாளரா, குத்தகைக்காரரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குத்தகையென்றால் பங்கு யாருக்கு என்ற கேள்வி பின்னால் எழும். வாய்மொழி அனுமதியை இப்போதாவது ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இந்த ஞாயிறு வயலுக்குப் போகும்போது ரசீதின் நகலையும் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் அவர் கையில் கொடுங்கள். அடுத்த மின்னஞ்சலிலிருந்து அவரையும் நகலில் சேர்த்துவிடுங்கள், பதில் இருவருக்கும் ஒரே நேரத்தில் வரட்டும்.