வீல் மாற்றுவதும் வண்டியைத் தாழ்த்துவதும்: ஏர் சஸ்பென்ஷன் எஸ்யூவி வைத்திருப்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏர் சஸ்பென்ஷன் உள்ள எஸ்யூவிகளைப் பற்றியவை. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் முதலில் வீல் மாற்றுகிறார்கள், அப்புறம் தாழ்த்தலாமா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை. காற்றுப்பையில் நிற்கும் வண்டிக்கு ஒரு நாளிலேயே மூன்று நான்கு உயரங்கள் உண்டு. எந்த உயரத்தில் வைத்து அளந்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

கே: என்னிடம் 2012 ஆடி க்யூ7 இருக்கிறது. நண்பர் தன் பென்ஸ் ஜிஎல்லில் இருந்து கழற்றிய 21 இஞ்ச் வீல்களைத் தருகிறேன் என்கிறார். இரண்டும் ஐந்து போல்ட்தான். மாட்டலாமா?

ப: முடியாது. போல்ட் துளைகளின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பிசிடி. உங்கள் தலைமுறை க்யூ7-க்கு அது 130 மி.மீ., ஜிஎல்லுக்கு 112. வீலைத் தாங்கும் அச்சு முனையான ஹப் உட்காரும் நடுத்துளையும் வேறு: உங்களுக்கு 71.6 மி.மீ., அவருக்கு 66.6. ஹப்புக்கும் வீலுக்கும் இடையே அடாப்டர் தட்டு போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியில் நான் அடாப்டர் போட்டுக் கொடுப்பதில்லை.

2015-இல் வந்த இரண்டாம் தலைமுறை க்யூ7 112-க்கு மாறிவிட்டது. அதில் பென்ஸ் வீல் உட்காரும். அங்கேயும் போல்ட்டைக் கவனிக்க வேண்டும். ஆடி, பென்ஸ் இரண்டின் ஒரிஜினல் போல்ட்டும் வீலில் பதியும் இடத்தில் உருண்டையாக இருக்கும், ஆனால் அந்த உருண்டையின் அளவு ஒன்றல்ல. வெளிச்சந்தை வீல்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்ட் வேண்டும். சந்தேகம் இருந்தால் போல்ட்டின் பதியும் பகுதியில் நீல மார்க்கர் தடவி, கையால் இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை ஒரு பட்டையாக அழிந்திருந்தால் சரி. நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் அழிந்திருந்தால் அந்த போல்ட் அந்த வீலுக்கு உரியது அல்ல. எவ்வளவு இறுக்கினாலும் ஓட ஓடத் தளரும்.

கே: இப்போது 8.5ஜே, ஈடி 45. வாங்க நினைப்பது 10ஜே, ஈடி 35. உரசுமா?

ப: கணக்கு எளிது. ஜே-க்கு முன்னால் இருப்பது இஞ்சில் வீலின் அகலம். ஈடி என்பது ஆஃப்செட், அதாவது ஹப்பில் பதியும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. அகலம் ஒன்றரை இஞ்ச் கூடுகிறது, அதாவது 38 மி.மீ. அதில் பாதி, 19 மி.மீ., உள்பக்கம். மீதி வெளிப்பக்கம். ஆஃப்செட் 10 குறைவதால் முழு வீலும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக உள்பக்கம் 9 மி.மீ. நெருங்கும், வெளிப்பக்கம் 29 மி.மீ. தள்ளும்.

உள்ளே 9 மி.மீ. இடம் இருக்கிறதா என்பதை வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது பார்த்துவிட்டுத்தான் பலர் வீல் வாங்குகிறார்கள். நான் செய்வது இது. வீல் ஆர்ச்சின் உள்பக்கம், மேல் கட்டுப்பாட்டு ஆர்ம் அருகே, பிரேக் ஹோஸ் போகும் இடம் என்று நாலைந்து இடங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை விரல் கனத்துக்கு ஒட்டுவேன். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வழியாக நான்கு பைகளிலும் காற்றை இறக்கி, வண்டியை பம்ப் ஸ்டாப் வரை, அதாவது சஸ்பென்ஷன் அதற்கு மேல் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை வரை, உட்கார வைப்பேன். பிறகு ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புவேன். களிமண்ணில் டயர் பதிந்த தடம் எங்கே உரசும் என்பதைக் காட்டிவிடும். ஒரு மணி நேர வேலை. ஒரு டயரின் விலையை நினைத்தால் அது பெரிய நேரமில்லை.

கே: 275/45 ஆர்20 டயரை 285/35 ஆர்22 ஆக மாற்றினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

ப: காட்டாது. பழைய டயரின் விட்டம் சுமார் 755 மி.மீ., புதியது 758. அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது எடையைப் பற்றி. 275/45 ஆர்20 டயரில் 110 என்ற எடைக் குறியீடு இருக்கும், ஒரு டயருக்கு 1,060 கிலோ. 285/35 ஆர்22-இல் 106, அதாவது 950 கிலோ. ஒரு அச்சுக்கு 220 கிலோ தாங்கும் திறன் போய்விடுகிறது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றுக்கும் அதிகபட்ச எடை போட்டிருக்கும். அதில் பாதியை டயர் தாங்க வேண்டும், கொஞ்சம் மிச்சமும் இருக்க வேண்டும். மூன்றாம் வரிசையில் ஆட்களை ஏற்றி, பின்னால் பெட்டிகளையும் அடுக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

வீலுக்கும் இதே விதி. நல்ல வீலின் பின்பக்கம் எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சில் இருக்கும். அந்த எண் இல்லாத வீலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கே: ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் வைத்திருக்கிறேன். தாழ்த்துவதற்கு லிங்க் ராடு போடலாம் என்கிறார் ஒருவர், எலக்ட்ரானிக் மாட்யூல்தான் நல்லது என்கிறார் இன்னொருவர். எது சரி? எவ்வளவு தாழ்த்தலாம்?

ப: முதலில் வண்டி தன் உயரத்தை எப்படித் தெரிந்துகொள்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு வீலுக்கும் ஒரு உயர சென்சார். அதிலிருந்து ஒரு சின்னக் கம்பி, விரல் நீளம்தான் இருக்கும், சஸ்பென்ஷன் ஆர்முக்குப் போகிறது. ஆர்ம் ஏறி இறங்கும்போது கம்பி சென்சாரைத் திருப்பும். கம்ப்யூட்டர் அந்தக் கோணத்தைப் பார்த்துக் காற்றை ஏற்றுகிறது அல்லது இறக்குகிறது. லிங்க் ராடு என்பது அந்தக் கம்பியின் நீளத்தை மாற்றுவது. கம்ப்யூட்டருக்கு வண்டி மேலே நிற்பதாகத் தோன்றும், காற்றை இறக்கிவிடும். மாட்யூல் செய்வதும் இதேதான், கம்பிக்குப் பதில் மின் சிக்னலை மாற்றுகிறது.

இரண்டில் நான் மாட்யூல் பக்கம். காரணம், பழைய உயரத்துக்கு உடனே திரும்பிவிடலாம். கம்பியில் ஒரு சிக்கல் உண்டு. கம்பி பிடித்திருப்பது ஆர்மின் நடுப்பகுதியில் எங்கோ, வீல் இருப்பது ஆர்மின் நுனியில். அதனால் கம்பியில் 10 மி.மீ. மாற்றினால் வண்டி 20 மி.மீ. வரைகூட இறங்கலாம். முன்னும் பின்னும் கணக்கு வேறு. நான்கு கம்பியையும் ஒரே அளவாக மாற்றிவிட்டு, வண்டி ஏன் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. மூக்கு தாழ்ந்தால் ஹெட்லைட் வெளிச்சமும் கிட்டத்திலேயே விழும். சென்சார் எல்லாம் நேராக இருப்பதாகச் சொல்வதால் விளக்கு தானாகச் சரிசெய்துகொள்ளாது.

எந்த வழியானாலும், உயரம் மொத்தமும் கீழே நகர்கிறது என்பதை மறக்காதீர்கள். ஏறி இறங்குவதற்காக வண்டி தானாகத் தாழும் நிலையும் அதே அளவு கீழே போகும். ஏற்கெனவே அங்கே பம்ப் ஸ்டாப்புக்குக் கொஞ்ச தூரம்தான் மிச்சம்.

சவாரி ஏன் கடினமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையில் இருக்கும் அழுத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டியின் எடை. தாழ்த்தினாலும் எடை மாறாது. ஆனால் காற்று இருக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. கொஞ்சம் இடத்தில் அடைந்த காற்றை அதே ஒரு இஞ்ச் அமுக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். பள்ளத்தில் இறங்கும்போது 'டங்' என்று முதுகில் வந்து இறங்குவது அதனால்தான். அதற்கு மேல் 22 இஞ்ச் வீலும் போட்டால், டயரின் பக்கச்சுவர் தாங்கிய அதிர்ச்சியும் பைக்கு வந்து சேரும்.

என் அளவு 25 முதல் 30 மி.மீ. அதற்கு மேல் நான் இறக்குவதில்லை. இந்தியச் சாலைத் தரம் சொல்லும் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம். அதில் இந்த வண்டி நிம்மதியாக ஏறி இறங்கும். நம் தெருக்களில் இருப்பது அதே உயரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் போட்ட சிமென்ட் கட்டை. நீண்ட வண்டியின் வயிறு அதில்தான் மாட்டும்.

கே: தாழ்த்திய பிறகு 6,000 கி.மீ.யிலேயே பின் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்துவிட்டது. கேம்பர்தான் காரணமா?

ப: கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். அது மட்டும் இவ்வளவு வேகமாகத் தின்னாது. டோ-வும், அதாவது மேலிருந்து பார்த்தால் வீல் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமும், கெட்டிருக்கும். டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளேயிருந்து வெளியே. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் ரம்பப் பல் போல் கை தடுக்கினால் அது டோ. வண்டி தாழும்போது ஆர்ம்களின் கோணம் மாறுகிறது, டோவும் கூடவே நகர்கிறது. புதிய உயரத்தில் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டியிருக்கிறீர்கள்.

அலைன்மென்ட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். வேலை நடக்கும்போது வண்டி தானாக உயரத்தை மாற்றிக்கொண்டால் மெஷின் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. தாழ்த்திய உயரத்தில் நிற்க வைத்து, தானாகச் சமன் செய்வதை ஸ்கேனரிலோ மெனுவிலோ நிறுத்திய பிறகுதான் தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீலின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஏதாவது சந்தேகம் வந்தால் அந்த நான்கு எண்கள் உதவும்.

கே: காலையில் பார்த்தால் முன் இடது பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடுகிறது. ஓட்டலாமா?

ப: பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசர் சாவதற்கு முன் சரிசெய்யுங்கள். கசிவை ஈடுகட்ட அது ஓய்வில்லாமல் ஓடும். பையின் ஓட்டையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு கம்ப்ரெசர் வரை போகும். சோப்பு நீரை ஸ்பிரே செய்து, பை மடங்கும் இடத்தில் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். பழைய பை வருடக்கணக்காக ஒரே இடத்தில் மடங்கிப் பழகியிருக்கும். தாழ்த்தும்போது மடிப்பு வேறு இடத்துக்குப் போகும், அங்கே வெடிப்பு விழும். எட்டு பத்து வயதான பையோடு வண்டியைத் தாழ்த்தக் கேட்டு வருபவர்களிடம், முதலில் பையை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கே: புது வீல் போட்டதிலிருந்து 90-இல் ஸ்டீயரிங் உதறுகிறது. மூன்று முறை பேலன்சிங் செய்தாகிவிட்டது.

ப: வீலின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கும். இடைவெளியை அடைக்கும் வளையம் போட்டார்களா? போட்டிருந்தால் அலுமினிய வளையமா என்று பாருங்கள். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகி உருமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், போல்ட்டை வீல் தொங்கும் நிலையில் எதிரெதிராகக் கையால் பொருத்தி, கடைசி இறுக்கத்தை, விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மீண்டும் சரிபார்க்கவும்.

கே: இதெல்லாம் சட்டப்படி சரியா?

ப: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த பெரிய வீல் அளவு கையேட்டில் இருந்தால் அதோடு நில்லுங்கள். எதை மாற்றினாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் கிளெய்மில் கைவைப்பார்கள்.

கே: பஞ்சர் ஆனால் சாதாரண ஜாக்கியே போதுமா?

ப: போதும், ஆனால் அதற்கு முன் மெனுவில் ஜாக்கி நிலையை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தூக்கத் தூக்க வண்டி தன்னைச் சமன் செய்யப் பார்க்கும். தொழில் கற்ற காலத்தில், இன்ஜினை நிறுத்திவிட்ட ஒரு வண்டியின் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவே இரும்பு டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தேன். எண்ணை எழுதத் திரும்பிய நேரத்தில் 'உஸ்' என்று ஒரு சத்தம். டேப் இரண்டாக மடிந்து ஆர்ச்சுக்குள் சிக்கிக்கொண்டது. ஒரு நிமிடம் முன்பு அங்கே இருந்தது என் விரல்கள். சாவியை எடுத்தாலும் இந்த வண்டி உயரத்தை மாற்றும். ஸ்டாண்டு வைத்து, சமன் செய்வதை நிறுத்தியது உறுதியான பிறகுதான் உள்ளே கை போக வேண்டும்.