வாழையை வாட்டும் பூஞ்சை

கேள்வி: வாழையே உலகிலிருந்து அழிந்துவிடும் என்று படித்தேன். ஒரு பூஞ்சை நோயால் அப்படி நேருமா? மருந்து தெளித்துக் கட்டுப்படுத்த முடியாதா?

பதில்: வாழை அடியோடு அழிந்துவிடாது, ஆனால், ஏற்றுமதிச் சந்தை பெரும்பாலும் நம்பியிருக்கும் கேவண்டிஷ் இரகம் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறது. ஃபியூசேரியம் என்னும் மண்வாழ் பூஞ்சை வேர் வழியே நுழைந்து, நீரைக் கடத்தும் குழாய்களை அடைத்துவிடுவதால், அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, ஒடிந்து தொங்கி, பிறகு மரமே வாடிவிடுகிறது. நோய் உள்ளுக்குள்ளேயே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து பயன் தருவதில்லை. பூஞ்சையின் வித்துகளோ மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியவை.

கேவண்டிஷுக்கு முன் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் இரகத்தை இதே பூஞ்சையின் வேறொரு வகை தாக்கியதால், 1960-களில் ஏற்றுமதித் தோட்டங்கள் அதைக் கைவிட நேர்ந்தது. அதைத் தாங்கி நின்ற கேவண்டிஷை இப்போது ‘டிஆர்4’ என்னும் வகை வீழ்த்துகிறது. ஆசியாவில் பரவிய அது 2013-இல் மொசாம்பிக்கிலும் 2019-இல் கொலம்பியாவிலும் உறுதிசெய்யப்பட்டது. விதையின்றிக் கன்றுகளாலும் திசு வளர்ப்பாலும் பெருக்கப்படும் கேவண்டிஷ் வாழைகள் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றேயாதலால், ஒன்றை வீழ்த்தும் நோய் தோட்டம் முழுவதையும் வீழ்த்தும். ஒரே இரகத்தை நம்பிய பழைய தவற்றையே மனித இனம் மீண்டும் செய்திருப்பது எனக்கு வேதனை தருகிறது.

காட்டு வாழையின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ‘கியூகேவ்-4’ (QCAV-4) என்னும் எதிர்ப்பு இரகத்துக்கு ஆஸ்திரேலியா 2024-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால், இன்று உழவர் கையில் உள்ள வழி, நோயற்ற கன்றுகளை நடுவதும், காலணியிலும் கருவிகளிலும் ஒட்டிய மண் அடுத்த தோட்டத்துக்குப் போகாமல் காப்பதும்தான். நோயுற்ற மரத்தின் பழத்தை உண்பதால் மனிதருக்குத் தீங்கில்லை.