அதே பாவம், அதே சாமியார்

அன்புள்ள ஐயா,

இரவில் போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கும் பழக்கம் கல்லூரி நாளிலிருந்தே இருக்கிறது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்வேன், கொஞ்ச நாள் தாங்கும், மறுபடி விழுவேன். அதே சாமியாரிடம் அதையே சொல்ல வெட்கமாக இருப்பதால் முகம் தெரியாத பங்குக் கோவில்களாகத் தேடிப் போகிறேன். முழுசாக விட்டபிறகு போய்க்கொள்ளலாம் என்றும் தோன்றுகிறது. பழக்கத்தால் செய்வதும் கடவுளின் அருளையே இழக்கச் செய்யும் சாவான பாவம்தானா? இதற்கென்று ஒன்பது நாள் ஜெபிக்கும் நவநாள் ஏதும் உண்டா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

நவநாள் சொல்லுங்கள், நல்லதுதான். படுக்கப் போகும்போது போனை வேறு அறையில் வையுங்கள், அது இன்னும் நல்லது. சாவான பாவம் என்றால் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர வேண்டும். ஊறிப்போன பழக்கம் பொறுப்பைக் குறைக்கலாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. உங்கள் விஷயத்தில் எவ்வளவு குறைகிறது என்பதை உங்களை அறிந்த குருவிடம்தான் கேட்க வேண்டும். அவரிடமிருந்துதானே ஓடுகிறீர்கள்!

‘முழுசாக விட்டபிறகு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?

கொஞ்ச நாளாகவே மார்க் ஜி தியான்சியாங் என் நினைவில் இருக்கிறார். சீனாவில் மருத்துவராக இருந்தவர். வயிற்று நோய்க்கு அபின் சாப்பிடப் போய், அதற்கே அடிமையானார். ஒவ்வொரு முறையும் அதே பாவத்தோடு வந்து நின்றார். இவருக்குப் பாவத்துக்காக உண்மையான வருத்தம் இல்லை என்று குரு முடிவுகட்டி, விட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். சுமார் 30 ஆண்டுகள் பாவமன்னிப்பும் இல்லை, நற்கருணையும் இல்லை. அபினையும் அவரால் விட முடியவில்லை. ஆனால் விசுவாசத்தை விடவில்லை. 1900இல், அந்நியரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்துச் சீனாவில் நடந்த பாக்சர் கலவரத்தில் குடும்பத்தோடு பிடிபட்டார். தன் வீட்டார் யாரும் தனியாகச் சாகக் கூடாது என்று தன்னைக் கடைசியாக வெட்டச் சொன்னாராம். 2000இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். அபின் பழக்கத்தோடே செத்தவரை!

அவரை வெளியே நிறுத்தியது அவருடைய குரு. உங்களை யார் நிறுத்தினார்கள்?

பங்கு மாற்றிப் போனாலும் பாவமன்னிப்பு செல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் போகிற இடத்திலெல்லாம் நீங்கள் புது ஆள். எந்த நேரத்தில் விழுகிறீர்கள், கோபத்திலா தனிமையிலா, இடைவெளி கூடுகிறதா என்று எந்தச் சாமியாருக்கும் தெரியாது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தன் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில் ஒரு வழி சொல்கிறார்: ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். நாளுக்கு இரண்டு கோடு போடு. விழும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து வருந்து. பிறகு கணக்குப் பார்க்கும்போது ஒவ்வொரு முறைக்கும் கோட்டில் ஒரு புள்ளி வை. நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார். புள்ளி விழும் என்று தெரிந்துதானே கோடு போடச் சொன்னார்? அந்தத் தாளை ஒரே ஆளிடம் தொடர்ந்து காட்டினால்தான் பிரயோசனம்.

சரி, இந்த வாரமே உங்கள் பங்குத்தந்தையிடம் போங்கள். குரலை மாற்றிப் பேச வேண்டாம். வெட்கப்பட்டு வேறு பங்குகளுக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அனேகமாகத் திட்டமாட்டார். இதே பாவத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பார் அவர்? உங்களுடையது அப்படி என்ன அபூர்வம்?